முழங்காலில் கிடைத்த பதில்

சபையில் மைக் முன்னால் நின்றால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். அதனால் நம் சபைப் பத்திரிகைக்கு இதை எழுதித் தருகிறேன். கர்த்தர் எங்கள் வீட்டில் செய்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை.

போன வருடம் ஜூன் மாதம். எங்கள் மகள் ஜெனிக்கு இரண்டரை வயது. ஒரு வார்த்தை பேசவில்லை. "அம்மா" இல்லை, "தா" கூட இல்லை. வேண்டியதைக் காட்ட எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். எங்களுக்குப் புரியாவிட்டால் தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுவாள். நெற்றியில் ஒரு வீக்கம் வற்றுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

என் கணவர் சாலமன் தைரியமாக இருந்தார், அல்லது இருப்பதுபோல் காட்டிக்கொண்டார். "நானே மூணு வயசுலதான் பேசினேனாம். இப்ப வாயை மூடறேனா பாரு. விடு ஷீபா." சொந்தக்காரர்கள் அப்படி விடவில்லை. அம்மா வேலைக்குப் போகிறாள், பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிடுகிறாள் என்றார்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதிருக்கிறேன்.

காது கேட்கவில்லையோ என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தச் சந்தேகமே எங்களுக்கு வரவில்லை. நாங்கள் இருப்பது பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் தெருவில். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் தறிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். எங்கள் தெருவில் பிள்ளைகளின் காதைச் சோதிப்பதே தறியை வைத்துத்தான். தறி ஓட ஆரம்பித்ததும் ஜெனி விளையாட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். சரோஜா அக்கா அதைப் பார்த்துச் சிரிப்பார்.

"உம் பொண்ணுக்குக் காது கேக்கலியா? நான் தறியில உக்காந்தா போதும், செவுத்தையே பாத்துக்கினு நிக்குது. பாம்புக் காதும்மா அதுக்கு."

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. எதையும் எழுதி வைத்துத்தான் எனக்குப் பழக்கம். ஜெனிக்கும் ஒரு நோட்டு போட்டிருந்தேன். தறி ஓடினால் திரும்புகிறாள், டிக். தட்டு கீழே விழுந்தால் திரும்புகிறாள், டிக். கதவை அறைந்து சாத்தினால் திரும்புகிறாள், டிக். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்: சில நேரம். போன் அடித்தால்: இல்லை. பாட்டுப் போட்டால்: இல்லை. கடைசி மூன்றையும் பிடிவாதம் என்று எழுதியிருந்தேன்.

ஜெபத்திலும் நான் பட்டியல்தான் போட்டேன். "ஆண்டவரே, கிறிஸ்துமஸுக்குள் பேச வேண்டும். முதலில் அம்மா என்று சொல்ல வேண்டும்." இரண்டு மாதம் அப்படியே கேட்டேன். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, ஜெனியின் நெற்றியில் ரத்தம் கண்டிருந்த நாள், கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வெறும் தரையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நான் எதையோ பார்க்கத் தவறுகிறேன். அது என்ன என்று மட்டும் காட்டும்." இவ்வளவுதான் சொன்னேன். கண்ணை மூடியபடியே இருந்தேன்.

பக்கத்து வீட்டில் தறி ஆரம்பித்தது. என் முழங்காலில் அது அடித்தது. காதுக்கு வரும் சத்தம் வேறு. இது தரை வழியாக எலும்பில் ஏறியது. தடக், தடக், தடக். கண்ணைத் திறந்தேன். ஜெனி வெறுங்காலோடு நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிரும் மேஜையில் வைத்த கருவி காட்டும் அளவை நம்பக் கூடாது. தினமும் வேலையில் நான் மற்றவர்களுக்குச் சொல்வது இது. நோட்டை எடுத்தேன். டிக் போட்ட எல்லாமே தரை வழியாக வருபவை. டிக் போடாத எல்லாமே காற்று வழியாக வருபவை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக, பயத்தை விடத் தெரிந்துகொள்ளும் ஆசை எனக்குப் பெரிதாக இருந்தது.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, தறியைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி ஓட்டுறீங்களா? பாப்பாவைத் தூக்கி வெச்சிக்கினு பாக்கணும்."

"இன்னாம்மா, தறி உனக்கு வெளையாட்டுச் சாமானா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும், "சரி, போ போ, அடிக்கிறேன்" என்றார்.

ஜெனியைக் கால் தரையில் படாமல் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். தறி ஓடியது. அவள் என் கம்மலைத் திருகிக்கொண்டிருந்தாள். நின்றது. மறுபடி ஓடியது. கம்மல்தான். கீழே இறக்கி விட்டேன். உடனே சுவரைப் பார்த்தாள். சாலமனைக் கூப்பிட்டு மறுபடி செய்து காட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்குப் போனோம். குழந்தை தூங்கும்போது செய்கிற பரிசோதனை என்பதால் விடியற்காலையிலேயே எழுப்பி, அதுவரை தூங்கவிடாமல் வைத்திருக்கச் சொன்னார்கள். சாலமன் வழியெல்லாம் குரங்கு மாதிரி குதித்துக் காட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் ஜெனியோடு அவரும் தூங்கிவிட்டார்.

செவித்திறன் நிபுணர் என் வயதுப் பெண். "ரெண்டு காதும் ரொம்பக் குறைவாத்தான்மா கேக்குது. மெஷின் போட்டா கேக்கும். ஆனா மெஷின் பேச வைக்காது. பேச வைக்கிறது உங்க வேலை" என்றார். தறிக் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "இந்த ஊர்ல இத நான் முதல் தடவை கேக்கல. நீங்களா கண்டுபிடிச்சு வந்ததுதான் முதல் தடவை."

நானாக இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஜெனியின் காதில் மெஷின் மாட்டியதும் சபையில் ஒரு ஆன்டி அதைப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் ஜெபம், இன்னொரு பக்கம் மெஷினா? விசுவாசம் எங்கப்பா போச்சு?" என்றார். சாலமன் பணிவாகத்தான் சொன்னார். "நீங்க கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு பைபிள் வாசிங்க ஆன்டி, நாங்களும் கழட்டிடறோம்." அந்த ஆன்டியே சிரித்துவிட்டார். இன்று ஜெனிக்காக அதிகம் ஜெபிப்பவர் அவர்தான்.

மெஷின் போட்ட முதல் நாள் ஜெனி பிடுங்கிப் போட்டு அழுதாள். மூன்றாம் நாள் குழாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். தண்ணீருக்குச் சத்தம் உண்டு என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு குடம் தண்ணீர் வீணானது. நான் தடுக்கவில்லை.

வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. அதற்காக ஷிப்டை மாற்றிக்கொண்டேன். வீட்டில் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவசரக்காரியான எனக்குக் காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர். கிறிஸ்துமஸும் போனது. அவள் பேசவில்லை. நான் குறித்துக் கொடுத்த தேதியைக் கர்த்தர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தரையில் முட்டிக்கொள்வது நின்றிருந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை, இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது இட்லியை நீட்டினேன். ஜெனி என் கையைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "வேணா."

மறுபடி நீட்டினேன். "வேணா!" சாலமன் ஓடிவந்து, "தள்ளு, நான் ஊட்டறேன்" என்று தட்டைப் பிடுங்கினார். அவருக்கும் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரோஜா அக்கா தறியை விட்டு வந்தார். அவருக்கும் ஒரு "வேணா" கிடைத்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போதும், புள்ளையப் படுத்தாதீங்க" என்றார்.

ஜெனியின் காது குணமாகிவிட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. மெஷினைக் கழற்றினால் இன்றும் அவளுக்குச் சரியாகக் கேட்காது. நான் கேட்டது கிடைக்கவில்லை. எனக்குத் தேவையானது கிடைத்தது. இன்று அவள் இருபத்தாறு வார்த்தை பேசுகிறாள். "அம்மா" பதினொன்றாவதாக வந்தது.

உங்கள் வீட்டில் பேசாத பிள்ளை இருந்தால் ஜெபியுங்கள். எனக்குக் காட்டியவர் உங்களுக்கும் காட்டுவார். அதே வாரம் காதையும் பரிசோதியுங்கள். அதுவும் ஜெபத்தில் சேர்ந்ததுதான். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள், மருத்துவமனைக்கு நானும் வருகிறேன். ஜெனியும் கூட வருவாள். நீங்கள் தூக்கக் கை நீட்டினால் முதலில் "வேணா" என்றுதான் சொல்வாள். தயவுசெய்து இன்னொரு தடவை கை நீட்டுங்கள். அவள் சொல்வதை நான் மறுபடி கேட்க வேண்டும்.