வளைவில் இரண்டு ஹார்ன்

சொந்த ஊருக்கு அதிகமாகப் போய்வருகிற ஆள் யார் என்று ஒரு போட்டி வைத்தால் அந்த பஸ் டிரைவர்தான் ஜெயிப்பான். காலையில் ஒரு தரம், பிற்பகலில் ஒரு தரம், அவன் ஓட்டுகிற வண்டி அந்த ஊருக்குள் நுழைந்து வெளியே போகிறது. ஆனால் ஊர் மண்ணில் அவன் கால் பட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போதுகூட சீட்டை விட்டு அசைய மாட்டான். டீ ஜன்னல் வழியாக உள்ளே வரும், காலி கிளாஸ் ஜன்னல் வழியாகவே வெளியே போகும்.

கண்ணாடி வழியாகத்தான் பார்த்தான் என்றாலும் ஊரைக் குறையாகப் பார்த்தான் என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவனுக்கு நரை வந்ததும், அவன் அதற்குச் சாயம் பூசியதும், பிறகு வெறுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டதும் டிரைவருக்குத் தெரியும். பேக்கரியின் ஷட்டர் நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறியது தெரியும். உள்ளே ரொட்டி இன்னும் அதே மாதிரி மணக்கிறதா என்பது மட்டும் தெரியாது.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் சாலை சட்டென்று இடது பக்கம் திரும்பும். அந்த வளைவில், ஒரு லாண்டரிக்கு மேலே, பச்சை ஜன்னல் வைத்த மாடி வீடு. அவன் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனைக் குளிப்பாட்டியது, தலை வாரிவிட்டது, அழ அழப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் அக்காதான். கல்யாணமான பிறகு அக்காவின் வீட்டுக்காரரும் அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மீட்டரைத்தான் விசாரிப்பார், மனிதர்கள் அப்புறம்தான். ஊரில் மீட்டர்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. டிரைவருக்கு மட்டும் அவர் அத்தான். வாய் நிறைய அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்தான்.

அப்பா இறந்த அன்று அந்த உறவு அறுந்தது. அன்றும் அவன் டியூட்டியில் இருந்தான். வளைவில் திரும்பும்போது வீட்டு வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்த்தான். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. வண்டி நிறைய ஆட்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள். அவன் நிறுத்தவில்லை. கடைசி ஸ்டாப் வரை ஓட்டி, வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்து, கிடைத்த லாரியில் தொற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது இறுதிக் காரியம் எல்லாம் முடிந்திருந்தது. அவன் படியேறிக்கொண்டிருந்தபோதே மீட்டர்காரர் நாலு பேர் முன்னால் சொன்னார்: “பெத்தவர் செத்துக் கிடக்கறப்ப, ஐயா வீட்டைத் தாண்டி வண்டி ஓட்டிட்டுப் போனாரு. இவனுக்கெல்லாம் எதுக்கு வீடு?”

அவன் ஏறிய படிகளில் அப்படியே இறங்கினான். இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னதோடு சரி. அன்றிலிருந்து அவன் வாயில் அவர் “அந்த ஆள்” ஆகிவிட்டார்.

அக்கா போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். கூப்பிட்டால் அழுவாள். அவள் அழுதால் இவனுக்குக் கோபம் வரும். இவன் கோபப்பட்டால் அவள் இன்னும் அழுவாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். “பேசவே வேணாம்டா. வளைவுல வரும்போது ரெண்டு ஹார்ன் அடி. நீ நல்லா இருக்கேன்னு நான் தெரிஞ்சுக்கறேன். நான் ஜன்னல்ல மேஜை தொடைக்கிற துணியை ஆட்டறேன். நான் நல்லா இருக்கேன்னு நீ தெரிஞ்சுக்கோ.”

அப்படியே நடந்தது. அவனுடைய முதல் ஹார்ன் குட்டை, இரண்டாவது அதைவிடக் குட்டை. கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்துக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். உடனே பச்சை ஜன்னலில் ஒரு மஞ்சள் துணி ஆடும். பக்கக் கண்ணாடியில் கண்ணிமைக்கிற நேரம் தெரிந்து மறைந்துவிடும். சொந்த ஊருக்கு வந்துபோவது என்றால் அவனுக்கு அவ்வளவுதான்.

அவனுடைய ஓய்வு நாளில் ஒரு மாற்று டிரைவர் அந்த வண்டியை ஓட்டுவான். அன்றைக்கு ஹார்ன் கேட்காவிட்டால் அக்கா பதறிப்போவாள் என்று அவனையும் அடிக்கச் சொல்லி வைத்திருந்தான். “உங்க அக்காவுக்கு நான் எதுக்குண்ணே சலாம் போடணும்?” என்று அவன் கிண்டல் செய்வான், ஆனாலும் அடித்துவிடுவான். மறுநாள், “துணி ஆடுச்சுண்ணே,” என்று சொல்லியும்விடுவான். அக்காவை ஏமாற்றுகிறோமே என்று டிரைவருக்குக் கொஞ்சம் உறுத்தும். அவள் நிம்மதியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுவான்.

அன்று காலை வளைவில் தண்ணீர்க் குழாய் உடைந்து, பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒருவன் சிவப்புக் கொடியோடு நின்று ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் விட்டுக்கொண்டிருந்தான். பஸ்ஸின் கண்டக்டர் வாய் ஓயாமல் பேசுகிற ஆள். டிப்போவில் அவருக்கு வானொலி என்று பெயர். தோண்டியவர்களையும் தோண்டச் சொன்னவர்களையும் அவர் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் வழக்கமான இடத்தில் இரண்டு ஹார்ன் அடித்தான். மஞ்சள் துணி வெளியே வந்தது. அன்று வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய், ஜன்னலுக்கு நேர் கீழே நின்றேவிட்டது. அவன் தலையை வெளியே நீட்டி அண்ணாந்து பார்த்தான்.

துணியை ஆட்டிக்கொண்டிருந்தது அக்காவின் கை இல்லை. முடி அடர்ந்த ஆம்பிளைக் கை. மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய வாட்ச். மீட்டர் எழுதும்போது நேரம் பார்க்க வசதி என்று அப்படிக் கட்டுகிற ஒரே ஒரு ஆளைத்தான் அவனுக்குத் தெரியும்.

எஞ்சினை அணைத்து, பிரேக்கை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

“அண்ணே, எங்க? இங்க ஸ்டாப்பே கிடையாதே!” என்றார் வானொலி.

“வழி விட்டா ஒரு குரல் குடு. வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்.”

“யார் வீட்டுக்கு?”

“என் வீட்டுக்கு.”

வானொலிக்குப் பேச்சு நின்றதைப் பயணிகள் அன்றுதான் பார்த்தார்கள்.

மிதிக்க மாட்டேன் என்று சொன்ன படிகளை அவன் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். லாண்டரியின் சூட்டு வாசம் மாடிவரை வந்தது. கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தது. அதில் அக்கா படுத்திருந்தாள், கண் மூடியிருந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஒரு கைப்பிடி அளவுக்கு இளைத்துப்போயிருந்தாள். பக்கத்தில் நின்ற மீட்டர்காரர், கையும் களவுமாகப் பிடிபட்டவரைப் போல, துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“எப்ப இருந்து?” என்று அவன் கேட்டான்.

“மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. சமையல்கட்டுல விழுந்துட்டா. வலது பக்கம் வரல. பேச்சும் போயிடுச்சு.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“அவதான் சொல்ல வேணாம்னு ஜாடை காட்டினா. அப்ப இடது கை கொஞ்சம் அசைஞ்சுது. துணியை எடுத்து என் கையில வச்சா. ஜன்னலைக் காட்டினா. வண்டி ஓட்டறவன் மனசு கலங்கக் கூடாதுன்னு நெனச்சிருப்பா.” மீட்டர்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவ கேட்டு நான் என்னத்த செஞ்சிருக்கேன். இதையாவது செய்வோம்னு...”

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. மழைக்கு முன்னாலிருந்து தினமும் இரண்டு வேளை, இந்த மனிதர் ஜன்னலுக்குக் கீழே உடம்பை ஒடுக்கி உட்கார்ந்து, தன் முகம் தெரியாமல் அந்தத் துணியை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவன் கட்டிலோரம் மண்டியிட்டான். அக்காவின் தலையை யாரோ அக்கறையாக வாரிவிட்டிருந்தார்கள். வகிடு மட்டும் கோணலாக இருந்தது.

“அக்கா,” என்றான். “அக்கா, நான்தான் வந்திருக்கேன்.”

கண் திறக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டான். இமைகூட அசையவில்லை. இத்தனை நாள் வீராப்பாகத் தள்ளிப்போட்டதற்கு இதுதான் கூலி என்று அவனுக்குத் தோன்றியது.

“உன் குரலுக்குத் தொறக்கலன்னு வருத்தப்படாத,” என்றார் மீட்டர்காரர். “இத்தனை வருஷமா அவளுக்கு உன் குரல் அந்த ஹார்ன்தானே. அதுக்குத் தொறப்பா. இப்பக்கூடத் தொறந்தா. ஜன்னலைப் பாத்துட்டு மூடிக்குவா. டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் நம்பல.”

அவன் எழுந்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். “வானொலி! ஹார்ன் அடி! ரெண்டு, குட்டையா!”

வானொலி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து அடித்தார். முதலாவது குட்டையாகத்தான் வந்தது, இரண்டாவது நீண்டுவிட்டது. இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

“உன் லீவு நாள்ல ஒரு பையன் அடிப்பான் பாரு, அதுக்கும் இப்படித்தான்,” என்றார் மீட்டர்காரர். “இவ ஒரு தடவைகூட ஏமாந்ததில்ல. படுக்கையில விழறதுக்கு முன்னாடியும், ‘இது என் தம்பி இல்ல, யாரோ அடிக்கிறாங்க’ன்னுதான் சொல்லுவா. ஆனாலும் துணியை ஆட்டுவா. பாவம் அவன் மெனக்கெட்டு அடிக்கிறானேன்னு. நானும் அப்படியே ஆட்டி வச்சேன்.”

டிரைவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவன் அடித்தால் அவள் கண் திறப்பாள். அடிப்பதென்றால் அவன் கீழே இருக்க வேண்டும். இங்கே அவள் பக்கத்தில் இருந்தால், அவள் கண் மூடியேதான் இருப்பாள். தன்னைப் பார்க்க அவள் கண் திறக்கிற அந்த நேரத்தை அவன் ஒரு நாளும் பார்க்க முடியாது.

கீழே கொடிக்காரன் வழி விட்டுவிட்டான். பின்னால் நின்ற வண்டிகள் காதைப் பிளந்தன. “அண்ணே! வழி விட்டாச்சு!” என்று வானொலி கத்தினார்.

டிரைவர் அக்காவின் கையை விடவில்லை. “நான் போகல,” என்றான். “ஒரு தடவை இந்த வீட்டைத் தாண்டிப் போய்ப் பட்டது போதும்.”

“போ,” என்றார் மீட்டர்காரர்.

அவன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். பத்து வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்க்கிறான். கன்னம் ஒட்டி, சவரம் செய்யாமல், ரொம்பக் கிழடு தட்டிப்போயிருந்தார். தாண்டிப் போனதற்காகத் திட்டிய அதே வாய்தான் இப்போது போகச் சொன்னது.

“வண்டி நிறைய ஜனம் உக்காந்திருக்கு. அதுங்களுக்கும் வீடு வாசல் இருக்கு. நீ போய் அடி. நான் பாத்துச் சொல்றேன்.”

“சாயங்காலம் டியூட்டி முடிஞ்சதும் வந்துடுவேன்.”

“வா. கதவு சும்மாதான் சாத்தியிருக்கும்.”

அவன் அக்காவின் வகிட்டை விரலால் ஒரு தரம் நேராக்கிவிட்டுக் கீழே இறங்கினான். சீட்டில் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். பின்னால் சத்தம் ஓயவில்லை. இந்தச் சத்தத்தில் அவள் காதில் எது விழும் என்று தவித்தான். வானொலிக்கு என்ன புரிந்ததோ, நடுச் சாலையில் குதித்து இரண்டு கையையும் தூக்கினார். “அடேய், ஒரு நிமிஷம் சும்மா இருங்கடா! மேல ஒரு சீக்காளி படுத்திருக்காங்க!” அந்தத் தொண்டைக்கு முன்னால் லாரிகள்கூட அடங்கின.

அந்த அமைதியில் அவன் அடித்தான். ஒன்று குட்டையாக, அடுத்தது அதைவிடக் குட்டையாக.

வண்டியை மெல்ல நகர்த்திக்கொண்டே பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. வளைவு முடியப்போகிறது. முடிந்தால் வீடு மறைந்துவிடும்.

அப்போது மீட்டர்காரர் இடுப்பு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே வந்தார். இந்தத் தடவை ஒளியவில்லை. விரல்களைத் தன் கண்கள் மேல் வைத்து, பிறகு அகல விரித்துக் காட்டினார். ஒரு தரம் போதாதென்று இன்னொரு தரமும் காட்டினார். அப்புறம் ஆட்ட வேண்டிய துணியை ஆட்டாமல், அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாருப்பா அந்தப் பெரியவர்? அழுவுறாரே,” என்று கேட்டார்.

டிரைவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“எங்க அத்தாங்கம்மா,” என்றான்.