ஏரிக்கரைக்கு வந்த சிங்கி இறால்

ஏரித் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற ஊரில் கடல் தொழிலாளி ஒருவர் குடியிருந்தார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. உத்திரமேரூரை அடுத்த அந்தச் சின்ன ஊரில் ஞானதாஸ் அப்படித்தான் வாழ்ந்தார். 2009இல் மஞ்சள் காமாலை கண்டு, வீட்டுக் கட்டிலிலேயே இறந்தார். அடக்கத்துக்கு வந்த கடற்கரைக் குப்பத்து ஆட்கள், கடலுக்குப் போனவன் கட்டிலில் செத்தது பெரிய விஷயம் என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் பிறந்தது செய்யூருக்குக் கிழக்கே ஒரு மீனவக் குப்பம். தொழில், சிங்கி இறால் பிடிப்பது. முதுகெல்லாம் முள்ளும், உடம்பைவிட நீளமான மீசையுமாக இருக்கும் பெரிய கடல் இறால் அது. பாறை கிடக்கும் இடம் பார்த்து மாலையில் வலையை இறக்கிவிட்டு வந்து, விடிவதற்குள் போய்த் தூக்க வேண்டும். உயிரோடு இருந்தால்தான் ஏற்றுமதிக்கு எடுப்பார்கள். செத்துவிட்டால் அதுவும் கூடையில் கிடக்கும் இன்னொரு மீன்.

அவர் மனைவி ஞானசுந்தரி, நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற வீட்டுப் பெண். கல்யாணமாகிக் குப்பத்துக்குப் போனவள், மகள் ஏஞ்சல் பிறந்த அடுத்த வருடமே இந்த ஏரிக்கரை ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஞானதாஸின் அண்ணன் ஆல்பர்ட், கரைக்கு எதிரிலேயே, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கட்டுமரம் கவிழ்ந்து செத்திருந்தார். "நான் இனிமே அங்க வரமாட்டேன். ஒனக்கு நாங்க வேணும்னா இங்க வா" என்று சொல்லி அனுப்பினாள்.

அவரும் வந்தார். நாற்று நடப் போனார். வரிசை கோணலாகப் போனது. "இன்னா மச்சான், நாத்து நடச் சொன்னா வலை வீசிக்கினு கீற?" என்று பக்கத்து வீட்டு இருசப்பன் கேட்டதற்கு வரப்பே சிரித்தது. ஏரியில் வலை போட்டுப் பார்த்தார். கெண்டையும் கெளுத்தியும் கிடைத்தன, மனசு ஒட்டவில்லை. கடைசியில் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மதுராந்தகம் போய், அங்கிருந்து கடற்கரைக்கு மாறி, சனிக்கிழமை வீடு திரும்புவது என்று ஆனது. திங்கட்கிழமைதோறும் சண்டை. "சனிக்கெழம வந்துடுவேன்மே" என்பார். "ஆல்பர்ட் மாமாவும் அப்டித்தான் சொல்லிட்டுப் போனாரு" என்பாள் அவள்.

ஏஞ்சலுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் நற்கருணை, கொடுக்கிற வருடம் அந்தச் சண்டை தெருவுக்கே வந்துவிட்டது. "இன்னொரு வாட்டி கடலுக்குப் போனியானா, இந்த வூட்டுப் படி ஏறாத!" என்று ஞானசுந்தரி கத்தியதைத் தெரு முழுக்கக் கேட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்த வாரம் பார்த்து வலையில் சிங்கி நிறைய ஏறியிருந்தது. சனிக்கிழமை எடுக்க வேண்டிய ஏற்றுமதிக் கம்பெனி வண்டி வழியில் நின்றுவிட்டது. காத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை புதுநன்மைப் பூசைக்கு வந்து சேர முடியாது. கடல் தண்ணீரில் நனைத்த கோணிகளில் சிங்கிகளைச் சுற்றி, கூடையோடு பஸ் ஏறிவிட்டார். பூசை முடிந்ததும் செங்கல்பட்டில் கம்பெனிக்காரர்களிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது கணக்கு. நனைந்த கோணிக்குள் சிங்கி அதுவரை தாங்கும். கூடையை வீட்டு வாசல் வேப்பமர நிழலில் இறக்கி வைத்துவிட்டு, தைக்கக் கொடுத்திருந்த மகளின் வெள்ளை கவுனை வாங்க உத்திரமேரூருக்குப் போனார். படி ஏறவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

அவர் போன பிறகு கோணிக்குள்ளிருந்து கிரீச், கிரீச்சென்று சத்தம் வந்தது. ஞானசுந்தரி விலக்கிப் பார்த்தாள். சிங்கிகள் மீசையை ஆட்டிக்கொண்டு, வாயை ஓயாமல் அசைத்துக்கொண்டிருந்தன. அவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அடிபம்பில் தண்ணீர் அடித்து அண்டாவை நிரப்பி, அத்தனையையும் அதற்குள் விட்டாள்.

ஞானதாஸ் திரும்பியபோது அண்டாவைச் சுற்றி ஆள் கூடியிருந்தது. அவர் ஒன்றை எடுத்துத் தூக்கினார். வால் அடிக்கவில்லை. கால்கள் தொங்கின. அண்டாத் தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.

"வேணும்னுதான் வுட்டுக்கீறா. திங்கக்கெழம கத்துனா இல்ல?" என்றாள் எதிர்வீட்டுச் சிட்டம்மாள்.

"சும்மா கெட அக்கா, நீ வேற" என்றான் இருசப்பன். ஆனால் அவனும் ஞானசுந்தரியின் முகத்தைத்தான் பார்த்தான்.

ஞானதாஸுக்கும் அதே சந்தேகம் வந்தது. அவள் நினைத்தால் செய்யக்கூடியவள். கவுன் பொட்டலத்தை அவளிடம் நீட்டிக்கொண்டே கேட்டார்: "தெரிஞ்சி வுட்டியா?"

"தெரியாதுய்யா. தண்ணியில கீற ஜென்மம், தண்ணிக்குத்தான் தவிக்குதுன்னு நெனச்சேன். கடல் தண்ணி வேற, இந்தத் தண்ணி வேறன்னு எனுக்கு யாரு சொன்னா?" பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "செத்துப்போச்சுன்னு தெரிஞ்சதும் கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. இனிமேனா நீ போமாட்டன்னு. அதுவும் நெஜந்தான்."

இரண்டாவதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். சொன்னாளே, அதனால்தான் முதலாவதையும் அவர் நம்பினார்.

"சரி, அம்மி எங்க? மொளகா அரைமே" என்று படி ஏறி உள்ளே போனார்.

மறுநாள் பூசை முடிந்து தெருவே சிங்கிக் குழம்பு சாப்பிட்டது. சீமைக்குப் போக வேண்டியது, கல்யாணத்துக்குக்கூடக் கறி பார்த்துப் பரிமாறுகிற தெருவில் இலை இலையாய் விழுந்தது. ஓட்டை உடைக்கத் தெரியாமல் இருசப்பன் கல்லைத் தூக்கினான். சிட்டம்மாள் இரண்டாம் முறை குழம்பு கேட்டாள். "தின்னு அக்கா, வேணும்னுதான் வெச்சேன்" என்று ஞானசுந்தரி ஊற்றினாள்.

திங்கட்கிழமை விடிந்தது. ஞானதாஸ் பையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். இந்த முறை வாசலை விட்டு இறங்கினால் திரும்பி வர வீடு இருக்குமா என்பது அவருக்குத் தெரியவில்லை. ஞானசுந்தரி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"கெளம்பு. நானும் வரேன்."

"எங்க?"

"கடலுக்குத்தான். நான் சொன்னத நீ நம்புன இல்ல? சனிக்கெழம வந்துடுவேன்னு நீ சொல்றத நான் நம்பித் தொலைக்கறேன்."

அன்று மாலை, அவரைக் குப்பத்தில் விட்டுவிட்டு, திரும்பும் பஸ்ஸில் அவள் தனியாக வந்தாள். காலடியில் ஒரு பிளாஸ்டிக் கேன். கண்டக்டர் அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, கள்ளச்சாராயமா?"

"கடல் தண்ணி."

"அத்த எதுக்குமா தூக்கிக்கினு போற?"

"வூட்டுல வெக்க. எப்பனா சிங்கி வந்துச்சுன்னா ஊத்தணும்" என்று சொல்லி, கேன் சாயாமல் இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.