செங்கிளி சாஸின் ஊரில் ஒரு பகல்

1997, மாசி மாதம். சென்னையிலிருந்து வந்த ரயில் என்னைக் கோயமுத்தூரில் இறக்கிவிட்டபோது காலை ஆறரை மணி. பேரூரையும் மருதமலையையும் பார்த்துவிட்டு நான்கு பக்கம் எழுதிக் கொடு என்று பத்திரிகையில் அனுப்பியிருந்தார்கள். எனக்கோ கோபுரங்களைவிட ஒரு பாட்டில் மேல்தான் கண். பாட்டில் என்றதும் தப்பாக நினைக்க வேண்டாம். மிளகாய் சாஸ் பாட்டில்.

ஒரு காலத்தில் இரண்டு வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியிருக்கிறேன். அப்போது எந்த பேக்கரியில் வெஜிடபிள் பப்ஸ் கேட்டாலும் தட்டோரத்தில் செங்கிளி சாஸ் ஒரு கரண்டி விழும். முதலில் காரம் மண்டைக்கு ஏறும். பின்னாலேயே நாட்டுச் சர்க்கரையின் இனிப்பு வந்து சமாதானம் செய்யும். பூண்டு வாசனை மட்டும் சாயங்காலம் வரை விரலில் இருக்கும். சென்னைக்கு மாறிய பிறகும் கோவை போகிறவர்களை எல்லாம் ஒரு பாட்டில் வாங்கி வரச் சொல்லி நச்சரித்தேன். சில வருஷங்களாக எல்லோருமே வெறுங்கையோடு வந்து மழுப்பினார்கள்.

லாட்ஜில் குளித்துவிட்டு எட்டு மணிக்குக் காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்தேன். பப்ஸ் மூன்று ரூபாய். அதோடு வந்த சாஸ் வேறு ஏதோ கம்பெனி. சிவப்புச் சாயத்தில் சர்க்கரைப் பாகு.

"செங்கிளி வருவதில்லையா?" என்றேன்.

"வருதுங்ணா. அதா, மேல இருக்குதுங்க பாருங்க." கடைக்காரர் காட்டிய அலமாரியில் பாட்டில்கள் தூசி படிந்து நின்றன. "நல்ல சாஸுங்க. மாசம் தவறாம ஒரு பெட்டி எடுத்துக்கறமுங்க. அதப் போடறவரு தங்கமான மனுசனுங்க."

சாஸ் தயாராகும் ஊருக்கே போகிறேன் என்று சொல்லி, ஒரு பாட்டில் கேட்டேன். கை அலமாரிப் பக்கமே போகவில்லை. "ஊருக்கே போறேங்கறீங்க. அங்கயே புதுசா வாங்கிக்குங்க" என்று என்னை அனுப்பிவைத்தார். அடுத்த தெருவில் இன்னொரு கடை. அங்கேயும் இதே தூசி, இதே புகழ்ச்சி. இவ்வளவு நல்ல சாஸை ஏன் ஒருவரும் திறப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஒன்பது மணி பஸ்ஸில் திருப்பூர். ஐம்பது கிலோமீட்டர், ஒன்பது ரூபாய் டிக்கெட். அங்கிருந்து நொய்யல் ஆற்றை ஒட்டிக் கிழக்கே போகும் டவுன் பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று உட்கார்ந்தேன். பாலத்தின் மேல் போனதும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. கீழே ஆறு நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆகாயம் தெரிகிற நீலமல்ல, துணிக்கு முக்குகிற நீலம்.

பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்கு நீலமுங்க. நேத்து செவப்பு" என்றார், மேகம் போட்டிருக்கிறது என்று சொல்கிற குரலில். சாயப்பட்டறைகளின் கழிவு என்பது எனக்கும் தெரியும். பத்திரிகையில் படித்தது வேறு, பக்கத்தில் இருந்து பார்ப்பது வேறு.

ஆற்றங்கரையை ஒட்டிய கொழிஞ்சிக்காட்டுப்புதூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. செங்கிளிக்காரர் வீடு என்றதும் ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். சென்னியப்பன் வாசலுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் செங்கிளி லேபிள்.

"மெட்ராசுல இருந்து நம்ம சாஸத் தேடிக்கிட்டா வந்தீங்க? சரசு, யாரு வந்திருக்கறாங்கன்னு வந்து பாரு." அவர் மனைவி சரஸ்வதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டார். இந்த வயதுவரை எனக்கு யாரும் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

நான் வந்தது நல்ல நாளாம். செங்கிளி முதன்முறையாகக் கோவை வட்டாரத்தைத் தாண்டப்போகிறது. சென்னையில் ஒரு மொத்த வியாபாரி பிடிபட்டிருக்கிறார். நான்கு மணிக்கு லாரி. கொட்டகை நிறையப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூலையில் பாட்டில் நிரப்பும் புது மெஷின். தென்னந்தோப்பை விற்றுத்தான் வாங்கினாராம்.

"தோப்பு வீணாத்தானுங்க கெடந்துச்சு. குருத்தெல்லாம் கருகிப்போச்சு. என்ன சீக்கோ தெரியலீங்க."

சாஸின் கதையைக் கேட்டேன். ஒரு வருஷம், பழுத்த மிளகாயை வாங்க ஆளில்லை. கொட்ட மனசில்லாமல் சரஸ்வதி உப்பும் பூண்டும் சேர்த்து கிரைண்டரில் ஆட்டி, பானையில் துணி கட்டி வைத்துவிட்டார். ஒரு மண்டலம் கழித்துத் திறந்தால் புளிப்பேறிக் கமகமவென்றிருந்தது. கிணற்றுத் தண்ணீரும் நாட்டுச் சர்க்கரையும் வினிகரும் விட்டுக் காய்ச்சி வடிகட்டி, மில் கேன்டீனில் வேலை பார்த்த கணவரிடம் கொடுத்தனுப்பினார். மத்தியானத்துக்குள் பாத்திரம் காலி. கிளி வந்த கதை இன்னும் வேடிக்கை. திருப்பூர் அச்சகம் ஒன்றில், மூடிப்போன ஒரு பனியன் கம்பெனியின் கிளிப் படம் செதுக்கிய அச்சு பிளாக் சும்மா கிடந்ததாம். அதைச் சல்லிசாக வாங்கி சாஸின் மேல் உட்கார வைத்துவிட்டார்கள். பானை பிளாஸ்டிக் டிரம் ஆனதைத் தவிரச் செய்முறை மாறவே இல்லை என்று சரஸ்வதி சொன்னார்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. முதல் வாய்த் தண்ணீரை விழுங்க முடியவில்லை. உப்பும் கசப்புமாகத் தொண்டையில் நின்றது. கணவனும் மனைவியும் சொம்பை அண்ணாந்து மடமடவென்று குடித்தார்கள்.

"எங்க தண்ணி கொஞ்சம் கனமா இருக்குமுங்க. பழகிப்போச்சு" என்றார் சரஸ்வதி.

பிறகு புதுப் பாட்டில் ஒன்றைத் திறந்து இலையில் ஊற்றினார் சென்னியப்பன். ஆசையோடு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். காரம் வந்தது. இனிப்பு வந்தது. அதற்குப் பின்னால் அந்தத் தண்ணீர் வந்து அடிநாக்கில் உட்கார்ந்துகொண்டது. தூசி படிந்த பாட்டில்கள் அப்போதுதான் எனக்கு விளங்கின.

"எப்பிடீங்க இருக்குது?"

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் வெளியே பெட்டிகள் லாரிக்குக் காத்திருந்தன. சென்னையில் இதை வாயில் வைப்பவன் எவனும் தங்கமான மனுசன் என்று அலமாரியில் வைத்துக்கொண்டிருக்க மாட்டான்.

"கசக்கிறதுங்க" என்றேன்.

சென்னியப்பன் தானும் ஒரு விரல் எடுத்துச் சுவைத்தார். "எனக்கொண்ணும் தெரியலீங்களே. சரசு, நீ பாரு."

"எப்பவும் போலத்தானுங்க இருக்குது" என்றார் சரஸ்வதி. பொய் சொல்லவில்லை. இருவர் நாக்கும் அந்தக் கிணற்றிலேயே ஊறியிருந்தது.

என் பையில், காலையில் லாட்ஜில் பிடித்த சிறுவாணித் தண்ணீர் இரண்டு லிட்டர் கேனில் அப்படியே இருந்தது. அதில் நன்றாக வாய் கொப்பளித்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். சரஸ்வதி மெதுவாகக் குடித்தார். குடித்து முடித்ததும் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சாஸைத் தொட்டு வாயில் வைத்தவர், எழுந்து கொல்லைப் பக்கம் போய்த் துப்பிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

சென்னியப்பன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரும் ஒரு வாய் கொப்பளித்துச் சுவைத்துப் பார்த்தார்.

"மாசாமாசம் நானே மொபெட்டுல போயி ஒவ்வொரு கடையா கேப்பனுங்க, சாஸ் எப்பிடின்னு. நல்லாருக்குதுங்க, நல்லாருக்குதுங்கன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்புவாங்க. ஒருத்தரு, ஒரே ஒருத்தரு சொல்லியிருக்கலாமில்லீங்க?"

சொன்னால் மனசு நோகுமே என்றுதான் அத்தனை பேரும் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்தார்கள். அந்த மரியாதையை நம்பித்தான் இவர் தோப்பை விற்றார். யாரைக் கோபித்துக்கொள்வது?

நான்கு மணிக்கு லாரி வந்தது. சரஸ்வதி டிரைவருக்கு மோர் கொடுத்தார். அவர் மோரைக் குடித்து முடிக்கும்வரை சென்னியப்பன் காத்திருந்து, "லோடு இல்லீங்க தம்பி. வீணா அலைய வெச்சுட்டனுங்க" என்றார். டிரைவர் காரணம் கேட்கவில்லை. "பரவால்லீங்க" என்று வண்டியைத் திருப்பினார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

எங்கள் வீட்டில் ரசத்தில் ஒரு கல் உப்பு கூடினாலும் நான் தட்டை நகர்த்திவிடுவேன். என் நாக்கை நல்ல நாக்கு என்று யாரும் சொன்னதில்லை, கெட்ட வாய் என்றுதான் பெயர். அன்றைக்கு அந்த வாயை வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. சொன்னது சரிதான். சரியான காரியம் செய்த நிம்மதி மட்டும் வரவே இல்லை.

பஸ் தூரத்தில் தெரிந்தபோது சரஸ்வதி வேகமாக நடந்து வந்தார். கையில் ஒன்றுமில்லை.

"எங்க ஊட்டுக்கு வந்தவங்க யாரும் பாட்டில் வாங்காம போனதில்லீங்க. உங்களத்தான் வெறுங்கையோட அனுப்பறோம். மனசுல வெச்சுக்காதீங்க."

"அதனால் என்னங்க" என்றேன்.

அவர் போகவில்லை. தயங்கித் தயங்கி என் பையைப் பார்த்தார்.

"கேக்கறதுக்கே ஒரு மாதிரியா இருக்குதுங்க. அந்தத் தண்ணி மிச்சமிருந்தா குடுத்துட்டுப் போறீங்களா? ஒரு கிண்ணம் சாஸ் காச்சிப் பாத்தர்றேன். தண்ணிதான் கெட்டுப்போச்சா, இல்ல, எனக்குக் கைப்பக்குவமும் மறந்துபோச்சான்னு தெரிஞ்சுக்கணுமுங்க."