மோட்டார் தம்பிக்கு எங்கள் நன்றி

அம்மாவை அடக்கம் செய்து ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலரில் படமும் ஜெபமும் இருந்தால் போதும் என்றார் அப்பா. நாலு வார்த்தை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

அம்மா பிறந்தது ஏலாக்குறிச்சி; வாழ்க்கைப்பட்டது வரதராசன்பேட்டை. அப்பா பெரம்பலூரில் ஆசிரியராக இருந்ததால், நிலத்தையும் முந்திரித் தோப்பையும் எங்களையும் அம்மாவே கட்டிக் காத்தார். பம்ப்செட் போடுவதும் அவர்தான். அவருடைய தம்பி மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்து இறந்ததிலிருந்து, ரப்பர் செருப்பு இல்லாமல் ஸ்விட்சில் கை வைக்கமாட்டார்.

மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து உதிரம் பட்டபோது, வெட்கப்பட்டு மறைத்துவிட்டார். திருச்சி ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தபோது புற்றுநோய் அதைத் தாண்டிப் பரவியிருந்தது. கீமோ ஊசி, கதிர்வீச்சு இரண்டும் சேர்த்துக் கொடுத்தால் பிழைக்க வழியுண்டு என்றார் டாக்டரம்மா.

ஊசிக்கு அம்மா அசரவில்லை. முடி கொட்டியதும், "தலைக்கு எண்ணெ மிச்சம்டி" என்று சிரித்தார். ஆனால் கதிர்வீச்சை அங்கே எல்லோரும் 'கரண்ட் வைக்கிறது' என்றார்கள். அந்த வார்த்தைதான் வினையாயிற்று.

"எந்தம்பிய முழுங்குன கரண்டு. எனக்கு வேணாம், வூட்டுக்குப் போறேன்."

அப்பா அதட்டினார், நான் அழுதேன். மெஷினை இயக்கும் இளைஞர் வெளியே வந்தார். இது உடம்பில் பாயும் கரண்ட் இல்லை, எக்ஸ்ரே மாதிரி என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா நம்பவில்லை.

"சரிம்மா, வூட்ல மோட்டார எப்படிப் போடுவீங்க?"

"செருப்பு போட்டுக்கிட்டு."

"அப்ப போட்டுக்கிட்டே வந்து படுங்க. கழுவிட்டு மட்டும் வாங்க."

பிறகு தினமும் அவர், "செருப்பு போட்டாச்சாம்மா? ஸ்விட்ச் போடலாமா?" என்று கேட்பார். "போடு தம்பி" என்பார் அம்மா. வயிற்றுப்போக்கும் எரிச்சலும் வாட்டி எடுத்தும் ஒருநாள்கூடத் தவறவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மா 'மோட்டார் தம்பி' நலனுக்காகப் பூசை வைத்தார். கோயிலில் அந்தப் பெயரை வாசித்ததைக் கேட்டு எங்கள் ஊர் மோட்டார் மெக்கானிக் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எனக்கா அக்கா பூசை வச்சீங்க?"

"ஆமாப்பா, உனக்குந்தான்."

நோய் திரும்பி வரும்வரை எங்களுக்கு நல்ல வருடங்கள் கிடைத்தன. என் கல்யாணத்தை நடத்தினார். என் மகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், கடைசி நாட்களில் கஞ்சி கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த இளைஞரின் பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. நினைவுத் திருப்பலியில் அம்மா பெயருக்கு அடுத்து, 'மோட்டார் தம்பி நலனுக்காக' என்றே வாசிக்கச் சொல்லியிருக்கிறோம். மெக்கானிக்கும் வருகிறார். அவரிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை.