காதால் எடுத்த நேரம்

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணைவிடக் காதுதான் எசமான். சங்கு ஊதினால் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு, சங்கு ஊதினால் சோறு. டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்தில் நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அந்தக் காதோடுதான் ஏப்ரல் மாதங்களில் நுவரெலியா குதிரைப் பந்தயத்துக்கு நேரம் பார்க்கப் போனேன்.

பந்தய நேரத்தை மெஷின்தான் எடுக்கும். அது பழுதானால் மட்டும் என் ஸ்டாப் வாட்ச். தூரத்தில் குதிரைகள் புறப்பட நிற்கும் கூண்டின் கதவு திறப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அதை அழுத்த வேண்டும். கதவுச் சத்தம் என் மேடைக்கு வந்து சேர ஒரு வினாடிக்கு மேல் ஆகும். சத்தத்தை நம்பி அழுத்தினால், குதிரை உண்மையைவிட வேகமாக ஓடியதாகிவிடும்.

அங்கே ஒரு பெண்குதிரையைப் பராமரித்தவன் என் மனைவியின் தம்பி. தன் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்பதற்கு முன் குதிரையைப் பற்றிக் கேட்பான். அதை அவனுடைய மூத்த சம்சாரம் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். அந்த முறை எழுபத்து நான்கு வினாடிக்குள் ஓடாவிட்டால் விற்றுவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

பந்தயத்தன்று காலை மழையில் மெஷின் படுத்துவிட்டது. கதவு திறக்கும் நேரம் பார்த்துப் பனிமூட்டம் குறுக்கே வந்தது. டமாரென்று சத்தம் கேட்டதும் என் விரல் தானாக அழுத்திவிட்டது. மச்சினனின் குதிரைதான் முதலில் வந்தது. எழுபத்து மூன்று புள்ளி இரண்டு.

"கதவு திறந்ததைப் பார்த்தீர்களா?" என்று மேலதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

பார்த்தேன் என்றேன். தயங்கக்கூட இல்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த நேரத்தை நம்பி முதலாளி அடுத்த வாரம் அதைத் தரமான குதிரைகளோடு ஓடவிட்டார். மெஷின் சரியாகியிருந்தது. ஈடுகொடுக்க முடியாமல், முன்னங்காலை நொண்டிக்கொண்டு கடைசியாக வந்தது. எழுபத்தெட்டு வினாடி. இனி ஓடாது என்று டாக்டர் கையை விரித்தார். மறுநாள் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வெறும் கயிற்றோடு மச்சினன் என்னிடம் வந்தான்.

"மெஷின்லதாங்க மச்சான் கோளாறு. கால் நொண்டுனாலும் அவ்வளவு நேரம் எடுத்திருக்காது. நீங்க பாத்ததுதான் சரியான நேரம், இல்லீங்களா?"

"ஆமா" என்றேன்.