மஞ்சள் துண்டும் வெள்ளைத் துண்டும்

இங்கிலாந்துக் கிரீடத்துக்காக நடந்த ரோஜாப்பூப் போர்களை வருஷா வருஷம் கல்லூரியில் நடத்துகிறேன். இரண்டு கட்சியும் ஒரே பாட்டன் வழி வந்தவர்கள், சுத்தமான பங்காளிச் சண்டை என்று சொன்னால் போதும், எங்கள் புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும்.

ஒரு வருஷம், பனிமூட்டத்தில் நடந்த சண்டையைச் சொன்னேன். ஒரு பிரபுவின் ஆட்கள் உடுப்பில் நட்சத்திரச் சின்னம். எதிரி அரசனுக்குச் சூரியன். மூட்டத்தில் நட்சத்திரம் சூரியனாகத் தெரிய, கூட்டாளிப் படையே அவர்கள்மேல் அம்பு விட்டது. துரோகம் என்று கத்திக்கொண்டு படை சிதறி ஓடியது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், புத்தி கெட்டவள்.

அந்த வாரம்தான் திருவரங்குளம் பக்கத்தில் எங்கள் ஊர்த் திருவிழா. சாமி முன்னால் முதல் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம், அப்பா காலமானபின் யாருக்கு என்று தகராறு. மூத்த வீடு நாங்கள், எனக்குத்தான் என்றார் அண்ணன். முறை வைத்துக் கட்டலாம் என்றான் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி. ஒரு முழத் துணிக்கு ஊரே ரெண்டுபட்டது. அண்ணன் ஆட்கள் வெள்ளைத் துண்டு, தம்பி ஆட்கள் மஞ்சள் துண்டு. ஆள் தெரியவேண்டுமாம். விட்டுக் கொடுங்கள் என்று அண்ணன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். பொம்பளை பேசாதே என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. மாமன் மச்சான் என்று முறைக்காரர்கள் மேலெல்லாம் குடம் குடமாக ஊற்றினார்கள். பூசாரி பரிவட்டத்தை எடுத்ததும் கோயில் வாசலில் கம்பு சுழல ஆரம்பித்தது. வெள்ளைத் துண்டு எல்லாம் மஞ்சளாகியிருந்ததை எவனும் யோசிக்கவில்லை. என் கண் முன்னால் அண்ணன் மகன், குனிந்திருந்த ஒரு மஞ்சள் துண்டின் பின்மண்டையில் ஓங்கி அடித்தான். விழுந்தது அவன் அப்பா.

அவன் கம்பைப் போட்டுவிட்டுக் கல்லாக நின்றான். அண்ணனை அள்ளித் தூக்கித் தன் காரில் போட்டவன் தம்பிதான். பெரியாஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அண்ணன் தலை என் மடியில் இருந்தது. வழியெல்லாம் கடவுளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பிழைத்துக்கொள்வார் என்று காலையில் டாக்டர் சொன்னார். பின்னாலேயே இன்ஸ்பெக்டர் வந்தார். யார் அடித்தது என்று கேட்டார். அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. மகன் அடுத்த வாரம் சிங்கப்பூர் போகவேண்டியவன். கேஸ் என்றால் போச்சு. அவள் என்ன சொல்லிக் கொடுத்திருந்தாளோ, அண்ணன் மெதுவாகக் கையைத் தூக்கித் தம்பியைக் காட்டினார்.

"இவன்தான் சார் அடிச்சான்."

தம்பி அப்போதுதான் எனக்கு டீ வாங்கி வந்திருந்தான். சட்டையில் அண்ணன் ரத்தம் காய்ந்திருந்தது. அவனுக்கும் இரண்டு பெண் குழந்தைகள். அண்ணன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அண்ணி என்னையே பார்த்தாள். எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு வீடு நாசம். ஆனாலும் அந்த ரத்தச் சட்டையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"எழுதாதீங்க சார். அடிச்சது இவரு மகன். ஆளு தெரியாம அடிச்சுட்டான். தூக்கியாந்து காப்பாத்துனது இவன்."

அண்ணன் கையை விட்டார். அண்ணி கத்தாமலே சொன்னாள்.

"எம்மகனக் காட்டிக் கொடுத்துட்டேல்ல. இனிமே ஒனக்கு அண்ணன் கெடையாது. போயிரு."

மாடிப்படியில் தம்பி பின்னாலேயே ஓடிவந்தான். நம்ம வீட்டுக்கு வாங்கக்கா, எங்க ஆளுங்க எல்லாரும் உங்களைப் பாக்கணும்கிறாங்க என்றான். உள்ளதச் சொன்னேன், அதுக்காக நான் ஒங்க ஆளு இல்லப்பா என்றேன். அவன் முகமும் மாறிப்போனது. என்னைத் தாண்டி இறங்கிப் போனான்.