பிக்காசு டீச்சர்

பொன்மலையில் ரயில்வே தொழிலாளர் பிள்ளைகள் படித்த சின்னப் பள்ளிக்கூடம் எங்களுடையது. நான் மீனாம்பாள், மூன்றாம் வகுப்பு டீச்சர். அல்போன்சா ஒன்றாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி நான் மூச்சு வாங்க வந்து சேருவேன். அவள் பாலக்கரையிலிருந்து நடந்தே வந்து, ரயில்வே பட்டறையின் காலைச் சங்கு ஊதுவதற்குள் வகுப்புத் தரை முழுக்கக் காகிதத்தைப் பரப்பி வைத்திருப்பாள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலை நேரங்களுக்காக இப்போது மனசு கிடந்து ஏங்குகிறது.

வண்ணம் வாங்கப் பள்ளியில் வழி கிடையாது. மஞ்சள் பொடி, சலவை நீலம், அடுப்புக்கரி, பீட்ரூட் சாறு என்று சமாளிப்பாள். வேப்பங்குச்சியின் நுனியைத் தானே மென்று பிரஷ் செய்வாள். வகுப்புக்கு நாற்பது குச்சி வேண்டும். "வாய் கசக்கலையாடி?" என்றால், "பல்லுக்கு நல்லதுதானேக்கா" என்பாள்.

1958-ஆம் வருஷம் ஒருநாள், நோட்டுக்கு அட்டை போட ஜெகபர் அலியின் பழைய பேப்பர் கடையில் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று வாங்கினாள். அதில் பிக்காசோ வரைந்த ஒரு பெண்ணின் முகம் இருந்தது. மூக்கு பக்கவாட்டில் திரும்பியிருக்க, இரண்டு கண்ணும் நேராகப் பார்த்தன. எனக்கு அது வெறும் கிறுக்கல்.

"பிள்ளைங்க இப்படித்தானேக்கா பார்க்குதுங்க. நாமதான் ஒரே பக்கமா நின்னு பார்க்கிறோம்" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்க ஒன்றாம் வகுப்பில் கஞ்சிப் பசையும் பழைய காலண்டர் தாளும்தான். வீட்டில் ஒருவருடைய முகத்தை பிக்காசோ மாதிரி வெட்டி ஒட்ட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகள் வாயில் பிக்காசோ, பிக்காசு ஆகிவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. "என்ன பிக்காசு டீச்சர், எங்கே குழி வெட்டப் போறே?" என்று கேலி பேசினேன். அந்தப் பெயர் அவள் ரிட்டையர் ஆகும்வரை நிலைத்துவிட்டது.

வியாழக்கிழமை காலை ரத்தினவேல் வந்தார். ரயில் பாதையில் கேங்மேன். ஒரு தோளில் ஜல்லி கொத்துகிற நிஜமான பிக்காசு, மறு கையில் மகள் ராசாத்தி.

"ஸ்கூல்ல என்ன சொல்லிக்குடுத்தாங்கன்னு கேட்டா, பிக்காசுங்குதுங்க. பதினாலு வருஷமா நான் இதைப் பிடிக்கிறேன். என் பொண்ணு கைக்கு இது வரக்கூடாதுன்னுதான் இங்க அனுப்பினேன். இங்கயும் இதுதான்னா வீட்டுலயே கிடக்கட்டும். டி.சி. குடுத்துடுங்க."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது. மனிதர் நொந்துபோய் வந்திருந்தார். அந்தக் காலனியில் பெண்பிள்ளை ஒருமுறை படிப்பை நிறுத்தினால் நிறுத்தியதுதான். மறுபடி வந்த ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை.

"அது ஒருத்தரோட பேருங்க. படம் வரையறவரு" என்றாள் அல்போன்சா.

"பிக்காசுன்னு யாருங்க பேரு வைப்பாங்க?"

அவள் உள்ளே போய் ராசாத்தியின் படத்தை எடுத்து வந்தாள். "உங்களைத்தான் போட்டிருக்கா, பாருங்க."

ஒரே கழுத்தில் இரண்டு முகம். ஒன்றுக்கு மஞ்சள் தடவியிருந்தது, மற்றதற்குக் கரி.

"எனக்கு எதுக்குப் புள்ள ரெண்டு மூஞ்சி?"

"மஞ்சள், காலையில வேலைக்குப் போற அப்பா. கறுப்பு, சாயங்காலம் திரும்பி வர்ற அப்பா."

அவர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். "கறுப்புக்கு வாயே இல்லையே?"

"நீ வந்தா பேசவே மாட்டியேப்பா."

பிக்காசைச் சுவரில் சாய்த்துவிட்டு ரத்தினவேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாரம் முழுக்க கேலி பேசிய என் வாயை நானே நொந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் எழுந்தார். டி.சி.யைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. ஆனால் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானம் அல்போன்சா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை. "எல்லாம் என்னாலதான்க்கா" என்று இரண்டு முறை சொன்னாள்.

மறுநாள் மணியடிக்கும் முன்பே ராசாத்தி வகுப்பு வாசலில் நின்றாள். பையைக்கூட இறக்கவில்லை, தன் படத்தைக் கேட்டாள்.

"எதுக்குடி?" என்றாள் அல்போன்சா.

"வாய் போடணும் டீச்சர். கறுப்பு அப்பா நேத்து பேசினாரு."